ஓட்டக்காரனும் சாவடியும்

எங்கள் கிளையின் ஏ.டி.எம். அறைக் கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. 'பணம் எடுக்க வருபவர்கள் தவிர வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது.' கிளையில் என் எழுத்து ஒன்றுதான் படிக்கிற மாதிரி இருக்கும் என்பதால் இந்த மாதிரிக் காரியங்கள் என்னிடம் வந்து சேரும். சென்ற கோடையில் எழுதியது. செஞ்சியின் கோடையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எங்கே திரும்பினாலும் பாறை. பகலில் வாங்கிய வெயிலைப் பாறை ராத்திரி வெகுநேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கடைத்தெருவில் எல்லாரும் நுழையக்கூடிய குளிர்ந்த இடம் அந்த அறை. அந்தக் குளிரும் மனிதர்களுக்காக வைத்ததல்ல. இயந்திரத்துக்குச் சூடு ஆகாது.

முதுகில் ஆளை மறைக்கிற பையோடு மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் பையன்கள் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் அங்கே நிற்பார்கள். ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதினேன். பசை காய்வதற்கு முன்னால் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, 'அப்ப எங்க சார் நிக்கிறது?' என்றான். கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் தெரியாத தெருவில் வழி கேட்பவன் குரல்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் பழைய புத்தகங்களுக்குள் போய் வந்ததன் விளைவு.

எழுதுகிறவர்களாகிய நமக்கு ஓட்டக்காரன் என்றால் மணிச்சத்தம்தான். மணி கட்டிய ஈட்டி, இருட்டு, மலைப்பாதை, தோளில் தபால் பை. இந்தச் சித்திரத்தை எனக்குக் கொடுத்தது பி.ஏ. வகுப்பில் படித்த கிப்ளிங். 'ஓவர்லாண்ட் மெயில்' என்ற அவருடைய கவிதையில் ஓட்டக்காரன் மகாராணியின் பெயரால் மலையேறுகிறான். வெள்ளம், புயல், உடைந்த பாதை எதுவும் சாக்காகாது. மூச்சு இருக்கும்வரை ஓட வேண்டும். தாளம் காலைப் பிடித்து இழுக்கிற கவிதை. வகுப்பில் சத்தம் போட்டுப் படித்திருக்கிறோம். அது ஓட்டக்காரனைப் பற்றிய கவிதை அல்ல, கடிதத்துக்குக் காத்திருக்கிறவனின் கவிதை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. மேலே, குளிர்ந்த மலைவாசஸ்தலத்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழிருந்து ஏறி வரும் மணிச்சத்தம் இனிமையாகத்தான் இருக்கும்.

வங்காளத்து சுகாந்த பட்டாச்சார்யா 1947ல் செத்துப்போனபோது அவருக்கு இருபது வயது. அவருடைய 'ரானார்' அதே ஓட்டக்காரன்தான், அதே ராத்திரிதான். ஆனால் இவன் தோளில் இருக்கும் பணத்தை இவன் தொட முடியாது. வீட்டில் ஒருத்தி தூக்கமில்லாமல் படுத்திருக்கிறாள். சலீல் சௌத்ரி இசையமைத்து ஹேமந்த குமார் பாடியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கிப்ளிங் காணாத பசியை சுகாந்த கண்டார். சரி. ஆனால் இரண்டு பேரிலும் ஒன்று இல்லை. ஓட்டக்காரன் எங்கே நிற்பான்? இரண்டு கவிதைகளிலும் ஓட்டம் முடிவதே இல்லை. ஓடிக்கொண்டிருப்பவன்தான் கவிகளுக்கு வேண்டும். உட்கார்ந்தால் அவன் படிமம் இல்லை.

ஏ.டி.எம். வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் கவிதையில் கிடைக்கவில்லை. பிரயாணிகளிடம் கிடைத்தது.

1333ல் இந்தியா வந்த இபின் பதூதா இங்கே இரண்டு விதத் தபால் பார்த்தார்: குதிரைத் தபால், கால்தபால். இவற்றில் கால்தபால்தான் வேகமானது என்று எழுதுகிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார். மைலில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு ஒரு ஊர். ஊருக்கு வெளியே குடில்கள். குடில்களில் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவனிடமும் உச்சியில் தாமிர மணிகள் கட்டிய இரண்டு முழக் கோல். ஓடி வருகிறவனின் மணி கேட்டதும் அடுத்தவன் எழுந்து நிற்கிறான், வாங்கிக்கொண்டு ஓடுகிறான். வந்தவன் உட்காருகிறான். கிப்ளிங் காலம்வரை தொடர்ந்து வந்த அந்த மணி சங்கீதத்துக்காக ஏற்பட்டதல்ல, 'நான் வந்துவிட்டேன், இனி நீ' என்பதற்காக ஏற்பட்டது. ஓட்டத்தை முடிக்கிற சத்தத்தைத்தான் நம் கவிகள் ஓட்டத்தின் சத்தமாகக் கேட்டார்கள்.

இந்த வழியாகத்தான் குராசானத்துப் பழங்கள் சுல்தானுக்கு வாடாமல் வந்தன. தௌலதாபாத்தில் இருக்கும்போது குடிக்க நாற்பது நாள் தூரத்திலிருந்து கங்கை ஜலம் வந்தது. உடனே வேண்டும், புதுசாக வேண்டும் என்ற ஆசை ஒன்றும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. அபுல் பஸல் அக்பரிடம் இருந்த ஆயிரம் மேவ்ராக்களைப் பற்றிச் சொல்கிறார்: எது வேண்டுமென்றாலும் எவ்வளவு தூரத்திலிருந்தும் கொண்டுவந்துவிடும் ஓட்டக்காரர்கள். அந்தக் காலத்தில் அந்த ஆசை ஒரு சுல்தானுக்கு இருந்தது. இப்போது கையில் செல்போன் இருக்கிற எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும்தான்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வியாபாரி தவர்னியே பார்த்ததும் கிட்டத்தட்ட இதுவே. இரண்டு லீகுக்கு ஒரு குடிசை. ஓடி வந்தவன் கடிதத்தைக் கையில் கொடுக்க மாட்டான், குடிசை வாசலில் எறிவான். கையில் கொடுப்பது அபசகுனம். அடுத்தவன் அதைப் பொறுக்கிக்கொண்டு கிளம்புவான். இருட்டில் வழி தவறாமலிருக்கப் பாதையோரம் வெள்ளையடித்த கற்குவியல்கள். அபசகுனம் எதனால் என்று எனக்குத் தோன்றுவது இது: கையில் கொடுக்கிறவன் இன்னும் பொறுப்பாளி. எறிந்தவனோ முடித்துவிட்டான். இது என் யூகம்தான். ஆனால் பாதை முழுவதும் கல், குடிசை, மணி என்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்பது யூகமல்ல. வேகம் பாதையின் குணமாக இருந்தது. தனி ஆள் யாரும் அந்த வேகத்தைச் சுமக்கவில்லை.

பழைய ராஜாக்கள் ஓட்டக்காரனிடம் கருணை காட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாவடி கருணையால் வந்ததல்ல. உடம்பைப் பற்றிய ஒரு கணக்கால் வந்தது. மைலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முழுவேகத்தில் ஒரு உடம்பு ஓடாது, ராஜாவுக்கோ முழுவேகம் வேண்டும், ஆகவே சாவடி. கொடுங்கோலனும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியவில்லை. இன்னும் பழைய கணக்கு ஒன்று அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. நடுத்தரத் தூதனுக்கு யோசனைக்குப் பத்துப் பணம். பத்து யோசனையைத் தாண்டி நூறு யோசனை வரை இரட்டிப்பு. தூரம் கூடக்கூடக் களைப்பு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது என்று கௌடில்யருக்குத் தெரிந்திருக்கிறது. வட்டிக் கணக்கு போடுகிற எனக்கு இந்த வரியைப் படித்தபோது மரியாதை வந்தது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 1690ல் ஜுல்பிகார்கான் செஞ்சியை வளைத்தான். உள்ளே சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை இழுத்தது. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பீரங்கியையும் களஞ்சியத்தையும் கல்யாண மஹாலையும் காட்டுவார்கள்; 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இதைச் சேர்த்த பிறகு கொஞ்சம் அதிக உற்சாகமாகவே காட்டுகிறார்கள். ஆனால் அந்த முற்றுகையில் ஒரு கட்டத்தைத் தீர்மானித்தது பீரங்கி அல்ல, தபால். 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோடு வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். காஞ்சிபுரத்து பௌஜ்தார் அலிமர்தான்கான் பிடிபட்டான். தக்காணத்திலிருந்த பாதுஷாவின் முகாமுக்கும் செஞ்சிக்கும் நடுவே வழி அறுந்தது. கடிதம் நின்ற இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்தது: ஔரங்கசீப் செத்துவிட்டார். கூடாரத்தில் இருந்த இளவரசன் காம்பக்ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தான். அஸத்கானும் மகன் ஜுல்பிகாரும் பாதுஷாவின் பிள்ளையையே கைது செய்தார்கள். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943ல் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரியின் செஞ்சி வரலாற்றில் இதை விஸ்தாரமாகப் படிக்கலாம். ஒரு சாம்ராஜ்யம் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதை, வழியில் எத்தனை குடிசைகளில் ஆள் இருக்கிறான் என்பதை வைத்துத்தான் அளக்க முடியும். ஆனால் அந்த ஆட்களில் ஒருவன் பெயர்கூட இந்தக் கதையில் இல்லை. 1714ல் செத்த தேசிங்குராஜன் கதையில் குதிரைக்குப் பெயர் இருக்கிறது.

கம்பெனிக் காலத்தை வேகமாகத் தாண்டலாம். 1786ல் சென்னையில் பெரிய தபாலாபீஸ். 1837ல் தபால் அரசாங்கத்தின் ஏகபோகம். அப்போது கடிதத்துக்குக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 1854ல் அது மாறியது. கால் தோலா எடையுள்ள கடிதம் எங்கே போனாலும் அரை அணா. இது பெரிய விஷயம், இதைச் சரியாக எடைபோட வேண்டும். அனுப்புகிறவனுக்குத் தூரம் ரத்தாகிவிட்டது. ஆனால் பூமியில் தூரம் ரத்தாகவில்லை. யாரோ அதைச் சுமக்க வேண்டும். 1854ல் சுமந்தது அரசாங்கம். ஓட்டக்காரனுக்கு மாதச் சம்பளம். அது அற்பம், ஆனால் ஒரே விலைக் கடிதம் என்பதற்காக அவன் கூலியில் கைவைக்க முடியாது. இன்று 'டெலிவரி இலவசம்' என்று கண்ணாடித்திரையில் வரும்போது அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. ரத்தான தூரம் யார் கணக்கில் பற்று?

1937ல் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட தபால்தலை வரிசை ஒன்று வந்தது. இரண்டு அணாத் தலையில் ஓட்டக்காரன். இரண்டரை அணாவில் மாட்டுவண்டி. பிறகு ஜட்கா, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி. பன்னிரண்டு அணாவில் விமானம். சாதி அடுக்கு மாதிரி வாகன அடுக்கு. வரிசையின் கடைசிப் படியில் வெறுங்காலோடு மனிதன். அவன் போய்விடுவான், அடுத்தடுத்து இவையெல்லாம் வரும் என்ற முன்னேற்றக் கதையாக இதைப் பார்த்து ரசித்தோம். அவன் போகவில்லை, அவனுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. அதையும் அவனே வாங்க வேண்டும் என்பது தபால்தலை வரைந்தவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நடுவில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதை நம் கிராமங்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், யாரும் எழுதவில்லை. தபால் இலாகா ஆட்களை இரண்டாகப் பிரித்தது: இலாகாவைச் சேர்ந்தவர்கள், இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டுகள். கிளைத் தபாலாபீஸ் நடத்துகிறவர், பை சுமக்கிறவர், கிராமத்தில் கடிதம் கொடுக்கிறவர் எல்லாம் புறம்பானவர்கள். 1964ல் இவர்களுக்கென்று விதிகள். 1977ல் உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான், விசாரிக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றது. 2001ல் 'கிராமிய டாக் சேவக்' என்று பெயர் மாறியது. ஏஜெண்ட் போய்ச் சேவகன் வந்தான்; இலாகாவுக்குள் வரவில்லை. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று வேலையை அளந்து தருகிற படி. இதைத் தவிர வேறு ஜீவனம் அவர்களுக்கு இருக்கிறது என்பது ஐதீகம். 2018ல் மே 22 முதல் இரண்டு வாரத்துக்கு மேல் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் படி உயர்ந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள்.

இங்கே சாவடிக்கு என்ன ஆயிற்று என்று கவனிக்க வேண்டும். கிளைத் தபாலாபீசுக்கு இடம் கொடுக்க வேண்டியது போஸ்ட்மாஸ்டர். அவர் வீட்டுத் திண்ணைதான் பாரத சர்க்காரின் ஆபீஸ். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர், செஞ்சியிலிருந்து பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் பை கொண்டுபோனவர். நடுவில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். 'திண்ணையிலதான். மோர் குடுப்பாங்க. அது அவங்க வூட்டு மோரு' என்றார். ராஜா கட்டிய குடிசை சேவகனின் சொந்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. மோர்ச் செலவும் அவனைச் சேர்ந்தது. ஆளை உள்ளே வைத்து வேலை வாங்கிக்கொண்டு பெயரால் வெளியே நிறுத்தும் வித்தையை அமெரிக்காவிலிருந்து யாரும் நமக்குக் கொண்டுவரவில்லை. பழைய பெயர் ஏஜெண்ட், இப்போதைய பெயர் பார்ட்னர்.

இந்தப் பார்ட்னரை நான் கவுண்டரில் சந்திக்கிறேன். வண்டிக் கடனுக்கு வருகிறான். எங்கள் விண்ணப்பத்தில் இரண்டு கட்டம்: 'சம்பளக்காரர்', 'சுயதொழில்'. சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்றிதழ் எங்கே? கொடுக்க ஆளில்லை. சுயதொழில் என்றால் வருமான வரிக் கணக்கு எங்கே? இல்லை. வாராவாரம் கணக்கில் பணம் விழுகிறது, அது யார் எதற்காகப் போடுகிறார்கள் என்பதற்குத்தான் கட்டம் இல்லை. 2020ல் எழுதி 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவனை, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைக்கிறவன் என்று வரையறுக்கிறது. மறுபடியும் வெளியே. நிறுவனங்கள் தங்கள் வருஷ விற்றுமுதலில் ஒன்றிலிருந்து இரண்டு சதவிகிதம் இவர்களுக்கான நிதிக்குத் தர வேண்டும் என்று அது சொல்வதையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் தனி நல வாரியம் அமைந்தது. நிதி ஆயோக் கணக்கில் இந்த வகை ஆட்கள் 2020-21ல் 77 லட்சம், 2029-30ல் 2 கோடியே 35 லட்சம் ஆகலாம். இவ்வளவு பேருக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

செஞ்சிப் பையன்களுக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. கடைத்தெருவில் கொடுத்தாலும் ஆலம்பூண்டி தாண்டிக் கொல்லைமேட்டு வீட்டில் கொடுத்தாலும் அதே தொகைதான் என்று ஒருவன் சொன்னான். வீடு பூட்டியிருந்தால் அந்தப் பார்சலுக்கு ஒன்றும் கிடையாது, மறுநாள் மறுபடி போக வேண்டும். கௌடில்யர் இரட்டிப்பாக்கிய இடத்தில் இங்கே பூஜ்யம். பெட்ரோல் அவனுடையது. 1854ல் ரத்தான தூரம் யார் கணக்கில் என்ற கேள்விக்குப் பதில் அவன் பாஸ்புத்தகத்தில் பெட்ரோல் பங்க் வரிகளாக இருக்கிறது.

பட்டணத்தில் கதை வேறு மாதிரி. 2021ல் பத்து நிமிஷ வியாபாரம் வந்தது. நிறுவனங்கள் சொல்லும் சமாதானத்தை நியாயமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பையன் வேகமாக ஓட்டுவதால் அல்ல, தெருவுக்குத் தெரு கிடங்கு வைத்திருப்பதால் பத்து நிமிஷம் சாத்தியமாகிறது. உண்மைதான். இது இபின் பதூதாவின் தத்துவமே. தூரத்தைத் துண்டாக்கு, வேகம் வரும். வித்தியாசம் ஒன்று. அவர் பார்த்த குடிலில் உட்கார்ந்திருந்தது ஆள். இந்தக் கிடங்கில் நிழலில், குளிரில் உட்கார்ந்திருப்பது தயிர்ப் பாக்கெட். சாவடி இருக்கிறது, பொருளுக்கு. ஆள் வெளியே பிளாட்பாரத்தில் வண்டிமேல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 2025 டிசம்பர் 31ல் நாட்டின் பல நகரங்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகு பிளிங்கிட் விளம்பரத்திலிருந்து 'பத்து நிமிஷம்' என்ற வார்த்தையை எடுத்தது. வார்த்தை போனது. கிடங்குக்குள் நாற்காலி வந்ததா என்பது தனிக் கேள்வி.

உழைப்பை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த பிரெடரிக் டெய்லரை நாம் வில்லனாக்கிப் பழகியிருக்கிறோம். 1911ல் வந்த அவர் புத்தகத்தில், பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் தூக்கிய கூலிகளை நாற்பத்தேழரை டன் தூக்கவைத்த கணக்கு வருகிறது. 'ஷ்மிட்' என்று அவர் பெயரிட்ட கூலிக்கு அதனால் கிடைத்தது, 1 டாலர் 15 சென்ட்டுக்குப் பதிலாக 1 டாலர் 85 சென்ட். அநியாயம். ஆனால் அதே பக்கங்களில் டெய்லர் இன்னொன்றும் சொல்கிறார். 92 பவுண்டு பாளம் தூக்குகிறவன் நாளில் 43 சதவிகித நேரம்தான் சுமையோடு இருக்க முடியும். மீதி 57 சதவிகிதம் கையில் சுமையில்லாமல் இருந்தாக வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நின்று 'இப்போது உட்கார்' என்று சொன்னான். அந்த ஈவிரக்கமில்லாத என்ஜினியரின் சூத்திரத்தில்கூட உடம்பு ஒரு உறுப்பாக இருந்தது. மோட்டார் சைக்கிள் களைப்பதில்லை. அதனால் அதன்மேல் உட்கார்ந்திருப்பவனும் களைப்பதில்லை என்று இப்போதைய சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நிற்கிற நேரம் அதில் செலவாகக்கூட எழுதப்படுவதில்லை, நேரமாகவே பதிவாவதில்லை.

சென்னை மாநகராட்சி 2025ல் அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை ஒன்று கட்டித் திறந்தது. கட்டியவர்கள் அறிந்தார்களோ இல்லையோ, அது சாவடிதான்.

செஞ்சியில் அப்படி ஒன்று இல்லை. என் காகிதம் எட்டு மாதத்தில் வெயிலில் மங்கிவிட்டது. 'நிற்கக் கூடாது' என்பதில் 'கூடாது' மட்டும் ஓரளவு தெரிகிறது. போன வாரம் மேலாளர் அதைக் கவனித்துவிட்டு, கோடை வருவதற்குள் இன்னொரு தடவை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். இந்தத் தடவை லாமினேட் பண்ணிவிடலாம் என்றும் சொன்னார். அட்டை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.